எழுத்துக் கூட்டி வாசிக்கிற அம்மாவுக்கு

கேள்வி:

வணக்கம் ரீச்சர். நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். என் மூத்தவனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் இருக்கிறதை முத்து முத்தாய் எழுதிக்கொண்டு வருவான். அதையே வாசி என்றால் வாசிக்கத் தெரியாது. மாதம் ஆயிரம் ரூபா கட்டி ரியூசனுக்கும் விடுகிறேன். பெற்றார் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், "வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லையா?" என்று வகுப்பு ரீச்சர் கேட்டா. அதற்குப் பிறகு நான் பாடசாலைப் பக்கம் போகவில்லை. வாசிக்காததற்குக் கையில் அடியும் விழுகிறது. காலையில் வயிற்றுக்குத்து என்கிறான். வீட்டுக்காரர் மேசன் வேலை, இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வீட்டுக்கு வருவார். நான் கச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன். 1996இல் போரால் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அக்கராயன், மல்லாவி என்று திரிந்து, ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நானே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். "படிப்பு ஏறாவிட்டால் கொஞ்சம் வளரட்டும், கராச்சில் விடுவம்" என்கிறான் என் தம்பி. படிக்காத நான் பிள்ளையைப் படிப்பிக்க ஏலுமா?

ஒரு தாய், விசுவமடு

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

ஏலும். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைக் கதைப்போம்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். எழுதி முடிக்க மூன்று இரவு சென்றது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சில இடங்களில் றகரம் ரகரமாகியிருக்கிறது. ஒரு சொல்லை மூன்று தரம் வெட்டி வெட்டி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது எனக்கு ஓர் இடத்திலும் விளங்காமல் போகவில்லை. ஆறாம் வகுப்போடு கொப்பியை மூடிய கை, இத்தனை வருடத்துக்குப் பிறகு எழுதிய நான்கு பக்கம் அது. அந்தக் கையால் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் காட்ட முடியாது என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

"படிக்காத நான்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடங்களில் வன்னியில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு மரத்தடியிலும் தறப்பாள் கொட்டிலிலும் முறிந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மரத்தடிகளில் நானும் படிப்பித்திருக்கிறேன். காலையில் ஐம்பது பிள்ளை இருந்த இடத்தில் அடுத்த கிழமை இருபது பிள்ளை இருக்கும், மற்றவர்கள் வேறு எங்கேயோ ஒரு மரத்தடிக்குப் போயிருப்பார்கள். உங்கள் படிப்பு நின்றதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை. ஆனபடியால் அந்த வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு பாடசாலை வாசலுக்குப் போகாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் இரண்டு விசயம் எனக்கு முக்கியம். ஒன்று, முத்து முத்தாய் எழுதுகிறான், வாசிக்கத் தெரியாது. மற்றது, நான் மேலே போடாமல் விட்டது: இரவில் தன் தங்கச்சிக்குக் கதை சொல்லி நித்திரையாக்குவது அவன்தான், குளத்துக்குப் போன கதையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவதை வாசித்தபோது எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. கதை சொல்லுகிற பிள்ளைக்கு மொழி இருக்கிறது. சொல் இருக்கிறது, முன்பின் ஒழுங்கு இருக்கிறது, கேட்கிறவரைப் பிடித்து வைத்திருக்கத் தெரிகிறது. அவனுக்கு இல்லாதது ஒன்றுதான். வாயில் இருக்கிற அந்தச் சொல்லும் கொப்பியில் இருக்கிற அந்தக் கோடுகளும் ஒன்றுதான் என்பது இன்னும் அவனுக்குத் தெரியவில்லை.

கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுகிறவன் அதைப் படம் கீறுவது போலக் கீறுகிறான். முல்லைப்பூ கீறுவதும் "முல்லை" என்று எழுதுவதும் அவன் கைக்கு ஒரே வேலை. கொப்பி வடிவாக இருப்பதால் வகுப்பில் பல மாதம் யாருக்கும் தெரியவராது. இப்படியான பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அமைதியான பிள்ளைகள். நடு வரிசையில் இருப்பார்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. நாளைக்குப் பின்னேரம், தோட்டத்தால் வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்த பிறகு, மகனோடு வாசல் மணலில் இருங்கள். கொப்பி வேண்டாம். விரலால் மணலில் எழுதுங்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் எழுதப் பழகினார்கள். விசயதசமிக்கு ஏடு தொடக்கும்போது இன்றைக்கும் அரிசியில்தான் முதல் எழுத்து. பிழை வந்தால் உள்ளங்கையால் தடவிவிடலாம் என்பதில் பிள்ளைக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. க, ப, ம, ட, த, ன, ல, ர, வ என்று வரிசையைக் கலைத்து ஒவ்வொன்றாக எழுதி, "இது என்ன?" என்று கேளுங்கள். வரிசையாகக் கேட்டால் பாட்டுப் போலச் சொல்லிவிடுவான், உண்மை தெரியாது. எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவ்வளவும் போதும். தெரியாததற்கு ஏசவேண்டாம், முகத்தையும் சுளிக்கவேண்டாம்.

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதும் பெரியவர்களுக்கே பயம் வரும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. உயிர்மெய் 216ஐயும் யாரும் தனித்தனியாகப் பாடமாக்குவதில்லை. அகர வரிசை 18ஐயும், பக்கத்தில் வந்து ஒட்டுகிற குறிகளையும் பிடித்துவிட்டால் மிச்சம் தானாக வரும். ஆனால் பிள்ளைகள் தடக்குகிற இடம் மூன்று உண்டு. உங்கள் மகனும் அங்கேதான் நிற்பான் என்று நினைக்கிறேன்.

முதலாவது, இடப்பக்கம் வருகிற கொம்பு (ெ). "கொக்கு" என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை, பிறகு க, பிறகு அரவு (ா). வாய் முதலில் சொல்லவேண்டியதோ க என்ற ஒலியை. கண் ஒரு வழி, வாய் ஒரு வழி. இரண்டாவது, உகரக் குறி. அரவு எந்த எழுத்தோடு வந்தாலும் அரவுதான். உகரம் அப்படியில்லை: சு, பு, வு ஒரு மாதிரி, மு, ரு, டு இன்னொரு மாதிரி, து, நு, லு வேறொரு மாதிரி, கு தனி. இது பிள்ளையின் மந்தமில்லை, எழுத்தே அப்படித்தான். இதைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து மணலில் எழுதிக் காட்டினால் இரண்டு கிழமையில் பிடிபடும். மூன்றாவது ன, ண, ந, பிறகு ல, ள, ழ. வாசிக்கிறதற்கு இப்போதைக்கு இது பெரிய தடையில்லை, எழுதும்போதுதான் பிரச்சினை. இந்த வருடம் அதை விட்டுவிடுங்கள். ழகரத்துக்கு அடி வாங்கி வாசிப்பையே வெறுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எழுத்து ஒருபக்கம் நடக்கட்டும். அதைவிட எனக்கு நம்பிக்கையான வழி ஒன்று இருக்கிறது, அதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. நான்காம் வகுப்பில் ஒரு பையன், உங்கள் மகனைப் போலவே. புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிவிடும். ஒரு நாள் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ராத்திரி வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "ராத்திரி யானை வந்தது. அப்பா யானைவெடி கொளுத்தினவர். யானை போகேல்லை. எங்கட வாழை முழுக்க முறிச்சுப் போட்டுது." சொன்னதைச் சொன்னபடியே ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன். பிறகு ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் விரலை வைத்து மெதுவாக வாசித்தேன். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பத் தாளைப் பார்த்தான். "நான் சொன்னதா ரீச்சர் இதில இருக்கு?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்கு ஒரு எழுத்தும் புதிதாகத் தெரியவரவில்லை. ஆனால் தன் வாயிலிருந்து வந்தது தாளில் போய் இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டான். அடுத்த நாள் சொற்களைக் கத்தரித்துக் கலைத்துப் போட்டேன். "யானை" இரண்டையும் பொறுக்கி எடுத்தான். அதற்கடுத்த நாள் "வாழை"யை எடுத்து, "இதிலயும் யானையின்ர கடைசிக் குறி நிக்குது" என்றான். அந்த இடத்தில் இருந்து அவன் தானாக நடந்தான். வருடக் கடைசியில் அவனுடைய சித்தியின் கலியாண அழைப்பிதழை வாசித்துக் காட்டினான். தட்டித் தடவித்தான், ஆனால் முழுக்க வாசித்தான்.

இதைச் செய்ய நீங்கள் ஆசிரியராக இருக்கத் தேவையில்லை. அவன் சொல்லவேண்டும், நீங்கள் எழுதவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வசனம். முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, பிறகு அவன் தனிய. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவன் "இன்னும்" என்று கேட்கிறபோதே நிறுத்துங்கள், நாளைக்கு அவனாகவே வருவான்.

உங்களுக்கு ஒரு பயம் வரும், எனக்கு எழுத்துப் பிழை வருமே என்று. வரும். எது றகரம், எது ரகரம் என்று சந்தேகம் வந்தால் அவன் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லைத் தேடுங்கள், அவனையும் தேடவிடுங்கள். தேடுவதும் வாசிப்புத்தான். கிழமைக்கு ஒருக்கால், பக்கத்து வீட்டில் பெரிய வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் தாள்களைக் காட்டித் திருத்தி வாங்குங்கள். "முறிச்சுப் போட்டுது" என்று எழுதலாமா, "முறித்துவிட்டது" என்றல்லவா எழுதவேண்டும் என்று யாராவது சொல்லுவார்கள். தொடக்கத்தில் அவன் பேசுகிறபடியே எழுதுங்கள். வீட்டில் "வாறன்" என்கிற பிள்ளைக்குப் புத்தகம் "வருகிறேன்" என்கிறது. எழுத்தும் புதிது, அந்தப் பேச்சும் புதிது என்றால் இரண்டு மலையை ஒரே நாளில் ஏறச் சொல்வது மாதிரி. எழுத்து கொஞ்சம் பழகியதும், அதே வசனத்துக்குக் கீழே புத்தகத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். அது நாங்கள் கதைக்கிறது, இது புத்தகம் கதைக்கிறது என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

மூன்றாம் வகுப்புப் புத்தகம் இப்போது அவனுக்குக் கூடச் சுமை. முதலாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அயலில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லா வகுப்புப் பாடநூலும் இலவசமாக இருக்கிறது, போனிலேயே இறக்கலாம். சின்னவன் மாதிரி முதலாம் வகுப்புப் புத்தகமா என்று அவன் வெட்கப்பட்டால், தங்கச்சிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவளுக்கு அண்ணாதானே ரீச்சர். வெட்கம் போய்விடும்.

வெளியிலும் எழுத்து இருக்கிறது. "பரந்தன் – முல்லைத்தீவு" என்ற பஸ் போட், கடைப் பெயர், உரப் பையில் இருக்கிறது, மருந்துத் துண்டு. மீளக் குடியேறிய காலத்தில், 2010, 2011இல், எங்கள் பிள்ளைகள் பலர் முதலில் அடையாளம் கண்டு வாசித்த சொல் "மிதிவெடி". மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகையில் இருந்தது. எழுத்துத் தெரிவது உயிருக்கே தேவைப்பட்ட காலம் அது. இப்போது உங்கள் மகன் பஸ் போட் வாசிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று செய்யுங்கள். கண்ணையும் காதையும் காட்டுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறான் என்பதால் கண் சரி என்று முடிவெடுக்க ஏலாது. கிட்ட இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரியலாம், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாக 1, 4, 7, 10ஆம் வகுப்புகளுக்குத்தான் நடக்கும். உங்கள் மகனின் முறை அடுத்த வருடம். அதுவரை நிற்கவேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதி பி.எச்.ஐ எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் எந்த நாளில் எங்கே கண் கிளினிக் என்று சொல்வார்கள். கண்ணும் காதும் சரி, நான்கு ஐந்து மாதம் ஒழுங்காக இருந்து பார்த்தும் எழுத்துகள் பிடிபடவில்லை என்றால், அவனுக்குக் கற்றல் இடர் இருக்கலாம். அது அறிவுக் குறைவு இல்லை. வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இப்போது பாடசாலை.

அந்தக் கூட்டத்தில் உங்களை எல்லாருக்கும் முன்னால் அப்படிக் கேட்டது பிழை. நான் ஆசிரியராக இருந்தவள் என்பதற்காக அதை மூடிமறைக்கமாட்டேன். பெற்றார் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் குறையை மற்றவர் காதுபடச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த ரீச்சரின் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் பகுதிப் பாடசாலைகளுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் விடியப்புறம் பஸ் ஏறி வருகிறவர்கள் எத்தனை பேர். சிலவேளை இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிறார். அவருக்கும் உங்கள் மகனை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இருக்கலாம். ஆனபடியால் சண்டைக்குப் போகாமல், கேட்கப் போங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உரிமை என்று சும்மா சொல்லவில்லை. இலங்கையில் 1945இல் இருந்து கல்வி இலவசம். நாட்டின் அரசியலமைப்பு 27ஆம் உறுப்புரையில், எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதை அரசின் குறிக்கோள்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. 21ஆம் உறுப்புரை பிள்ளைக்குத் தேசிய மொழியில், எங்களுக்கென்றால் தமிழில், கற்கிற உரித்தைக் கொடுத்திருக்கிறது. ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது; அதன் 28ஆம் உறுப்புரை கல்வியைப் பிள்ளையின் உரிமை என்கிறது. இதெல்லாம் கொழும்பில் கூட்டம் வைக்கிறவர்களுக்கு எழுதினது இல்லை தங்கச்சி. விசுவமடுவில் மூன்றாம் வகுப்பில் நடு வரிசையில் இருக்கிற பிள்ளைக்காக எழுதினது. மூன்று வருடம் வகுப்பில் இருந்தும் வாசிக்கத் தெரியாவிட்டால், "வீட்டில் பார்ப்பதில்லையா" என்ற கேள்விக்கு முன்னால் "வகுப்பில் என்ன நடந்தது" என்ற கேள்வி வரவேண்டும்.

போகும் முன் வகுப்பு ரீச்சரிடம் நேரம் கேளுங்கள், இடைவேளைக்கோ பாடசாலை விட்ட பிறகோ. மற்றப் பெற்றார் இல்லாத நேரம். இப்படிக் கேட்கலாம்: "ரீச்சர், இவனுக்கு எந்தெந்த எழுத்து தெரியும், எது தெரியாது என்று சொல்லுங்கோ. நான் வீட்டில் அதைச் செய்கிறேன். பாடசாலையில் இவனுக்குப் பரிகாரக் கற்பித்தல் செய்வீங்களா, எந்த நாளில்?" பரிகாரக் கற்பித்தல் என்ற அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகக் கற்பிப்பது ஆரம்பப் பிரிவின் வேலைகளில் ஒன்று, தயவுக்குச் செய்கிற உதவி இல்லை. மூன்றாம், நான்காம் வகுப்புச் சேர்ந்ததுதான் இரண்டாம் முதன்மைநிலை. அது முடிகிறபோது அவன் அடையவேண்டிய அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் ரீச்சரிடம் இருக்கும். அதில் மகன் எங்கே நிற்கிறான் என்று காட்டச் சொல்லுங்கள். இன்னும் ஒன்றேகால் வருடம் மட்டில் கையில் இருக்கிறது, அது காணும்.

பதில் திருப்தியில்லை என்றால் அதிபரிடம் போங்கள். அங்கேயும் இல்லை என்றால் வலயக் கல்விப் பணிமனையில் ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். எனக்கு எழுதிய மாதிரியே எழுதினால் போதும். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், கொடுத்த திகதியையும் அதில் எழுதி வையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் இனிப் போங்கள். வகுப்புக்கு வாசிப்பு மூலை இருக்கிறதா, நூலகப் புத்தகம் பிள்ளைகளின் கைக்கு வருகிறதா, அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறதா என்று அங்கே கேட்கலாம். பூட்டிக் கிடக்கிற அலுமாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடிக்கிற விசயம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. பாடசாலையில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை. வாசிக்கத் தெரியாததற்கு அடிப்பது, நொண்டுகிற காலுக்கு அடிப்பது மாதிரி. நான் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடங்களில் நானும் அடிமட்டம் எடுத்தவள். அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் என் கையைப் பார்க்கும். புத்தகத்தைப் பார்க்காது. கை உயர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கும். எனக்கு அது விளங்கப் பல மாதம் சென்றது. அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் மகனின் வயிற்றுக்குத்து பொய்யில்லை. பயத்துக்கு வயிறு உண்மையாகவே குத்தும். அவனைப் பொய் சொல்கிறாய் என்று ஏசாதீர்கள், ஆனால் பாடசாலையை மறிக்கவும் வேண்டாம்.

ரீச்சரிடம் தனிய, மரியாதையாக, நேரே சொல்லுங்கள்: "அடிக்காதேங்கோ ரீச்சர், அவன் பயத்தில் பாடசாலைக்கு வரமாட்டன் என்கிறான்." பெரும்பாலும் அதோடு நிற்கும். நிற்காவிட்டால் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் காசில்லாமல் கதைக்கலாம். முறையிட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று யோசிப்பீர்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன், ஒவ்வொரு படியிலும் எழுத்தில் ஒன்று கையில் இருக்கட்டும் என்கிறேன். அப்புறம், வீட்டிலும் வாசிப்புக்கு அடி வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் வருகிற நாளில் அவரிடமும் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வருகிற அப்பா, "எங்கே, என்ன எழுதி வைத்திருக்கிறாய்?" என்று அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே பிள்ளைக்குப் பெரிய விசயம்.

தம்பி அன்பில்தான் சொல்கிறார், எனக்கு விளங்குது. ஆனால் 5 வயது தொடக்கம் 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். முன்பு 14 வயது வரை என்று இருந்தது, 2016இல் 16 ஆக்கினார்கள். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. கராச் வேலையும் நல்ல வேலைதான். இன்றைக்கு வருகிற வாகனத்துக்குக் கணினி வைத்துத்தான் பிழை பார்க்கிறார்கள், அங்கேயும் வாசிக்கத் தெரிந்தவன்தான் மெக்கானிக், தெரியாதவன் கடைசிவரை ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவன். தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்.

ரியூசனை இப்போதைக்கு நிறுத்தலாம் என்பது என் எண்ணம். முப்பது பிள்ளைக்கு நடுவில் இன்னொரு கரும்பலகையைப் பார்த்து இன்னொரு கொப்பி நிரப்புவதால் அவனுக்கு ஒன்றும் வராது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே என்று யாராவது பயப்படுத்தினால் காதில் போடாதீர்கள். பெரிய பாடசாலைக்கு எடுக்கவும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கவும் வைக்கிற பரீட்சை அது. உங்கள் மகனுக்கு இப்போது தேவை, "யானை" என்ற சொல்லைத் தாளில் கண்டதும் வாயில் வருவது. அந்த ஆயிரம் ரூபாவில் கொஞ்சம் வெள்ளைத் தாள், கறுப்புப் பேனை, இரண்டு கதைப் புத்தகம் வாங்குங்கள். மிச்சத்துக்கு முட்டை வாங்குங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. அவனுக்கு எழுதி எழுதி, தேடித் தேடி, உங்கள் வாசிப்பும் ஓடத் தொடங்கும். அது நிச்சயம் நடக்கும், நான் கண்டிருக்கிறேன். அதற்கு மேலும் படிக்க விருப்பம் வந்தால், வலயப் பணிமனைகளில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பைப் பற்றி அங்கே கேட்கலாம். மகன் முன்னால் எழுத்துக் கூட்டி வாசிக்க வெட்கப்படாதீர்கள். தடக்கினால் தடக்கி, திரும்பப் போய், சரியாக வாசியுங்கள். பெரியவர்களும் திரும்பப் போய்த்தான் வாசிக்கிறார்கள் என்று அவன் பார்க்கட்டும். அதைப் பார்க்கக் கிடைக்காத பிள்ளைதான் ஒருதரம் பிழைவிட்டதும் புத்தகத்தை மூடுகிறது.

நாளை இரவு, அவனுடைய தங்கச்சி நித்திரையான பிறகு, அந்தக் குளத்துக் கதையைக் கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல முதல் மூன்று வசனத்தை எழுதுங்கள். ரீச்சரைச் சந்திக்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள், அவவுக்கும் அதைப் பார்க்க விருப்பமாக இருக்கும். இன்னொரு பிரதி எழுதி எனக்கு அனுப்புங்கள். பிழை திருத்தாமல், அவன் சொன்னபடியே.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்
(ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்)